துணி குவியும் ஓரம்

சோபாக்காரர் வேலை செய்யும்போது வாய் நிறையச் சின்ன ஆணிகளை அடைத்து வைத்திருப்பார். நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி உதட்டுக்குக் கொண்டுவருவார். காந்தம் வைத்த சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டையில் அறையும். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் பதில் ஒரு ‘ம்’தான். அப்படி ஒரு பிடி ஆணியை அன்றைக்கு யாராவது என் வாயில் கொட்டியிருக்க வேண்டும். கொட்டத்தான் ஆள் இல்லை.

நான் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவள். ஊருக்கெல்லாம் டிக்கெட்டக்கா. சோபாக்காரரின் மனைவி அதே தியேட்டரில் மாடி வகுப்பில் டார்ச் அடித்து ஆட்களுக்கு இடம் காட்டுகிறவள். அவளுக்கு டார்ச்சு என்றே பேர் விழுந்துவிட்டது. அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர், பின்னால் பொதுவாக ஒரு குழாயடி. அவர்கள் வீட்டில் தும்மினால் என் வீட்டில் நூறு ஆயுசு சொல்லலாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் வயிற்றெரிச்சல் உண்டு. நாற்பத்தொரு வயதிலும் அவள் கண் அப்படி இருக்கும். கெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாக, ஈரமாக, எதைப் பார்த்தாலும் அப்போதுதான் பார்ப்பது மாதிரி. சாயங்கால ஆட்டம் விட்டதும் சோபாக்காரர் சைக்கிளோடு வாசலில் நிற்பார். அவள் பின்னால் ஏறி உட்காருவாள். நான் கவுண்டர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து போவேன். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். வாசலில் நிற்க யாரும் இல்லாதவளுக்கு, நிற்கிற ஆளைப் பார்த்தால் எரியத்தானே செய்யும்?

ஆனால் அவர் எதற்காக நின்றார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மகா சந்தேகப் பிராணி. தபால்காரர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால், தபால்காரருக்கு எத்தனை பிள்ளை என்று தெரு முழுக்க விசாரிப்பார். பதினான்கு வருஷமாகப் பிள்ளை இல்லை. குறை அவரிடம்தான் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த காகிதத்தை மெத்தைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிட்டார் என்று டார்ச்சே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரித்தாளே தவிர, அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

அவளுக்குத் தலைவலி தொடங்கி ஏழெட்டு மாதம் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரிதான். ஆட்டம் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் வலது புருவத்தில் பிடிக்கும், கண் சிவக்கும், பார்வையில் புகை மூடும்.

“பல்பைச் சுத்தி வானவில் தெரியுதுக்கா,” என்றாள் ஒருநாள்.

“பாக்கியசாலிடி நீ. எனக்கு பல்பே சரியாத் தெரியல.”

“வெளையாடாதீங்கக்கா. மண்டைக்குள்ள யாரோ கட்டையை வச்சு நெம்புற மாதிரி இருக்கு.”

அதற்கு அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். மாடி வகுப்பை ஒட்டி ஆபரேட்டர் அறை. படச்சுருள் அறுந்தால் ஒட்டுவதற்கு அங்கே ஒரு மேசை, மேசைக்குமேல் இருநூறு வாட் பல்பு. ஒருநாள் வலி தாங்காமல் தண்ணீர் கேட்டு உள்ளே போனவள், அந்தப் பல்பின் அடியில் உட்கார்ந்ததும் அரை மணியில் வலி விட்டுவிட்டதாம். அன்றிலிருந்து வலி வந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு அங்கே போய்விடுவாள். கீழே வரலாம் என்றால் ஆட்டம் நடக்கும்போது முன்கூடத்து விளக்கையெல்லாம் மேனேஜர் அணைத்துவிடுவார். மின்சாரம் அவர் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி.

ஆபரேட்டர் முப்பத்தைந்து வயது ஆள். கல்யாணம் ஆகவில்லை, வாய் ஓயாது, யாரைப் பார்த்தாலும் அக்கா அண்ணன்தான். என்னோடும் வாயடிப்பார். ஆனால் ஒருநாளும் ‘வாங்க, வந்து உக்காருங்க’ என்று என்னை மேலே கூப்பிட்டதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தியேட்டர் சீட்டு கிழிந்தால் சோபாக்காரர்தான் வந்து தைப்பார். அன்றைக்குக் காலையில் நாலாவது வரிசையில் குந்தி, வளைந்த ஊசியால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். வாயில் ஆணி. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“உங்க வீட்டுக்காரிக்குத் தலைவலி எப்படி இருக்கு?”

“ம்.”

“அவளுக்கென்ன, மருந்து மாடியிலேயே இருக்கு. வலிச்சா ஆபரேட்டர் ரூமுக்குப் போறா, சிரிச்சுக்கிட்டே வர்றா.”

சிரித்துக்கொண்டே வருகிறாள் என்பது நான் சேர்த்தது. வலி விட்ட முகத்தோடு வருவாள், அவ்வளவுதான். சோபாக்காரர் ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார். பதினோரு ஆணி. ஊசியைச் சீட்டில் குத்தி நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறினார். எனக்குத் திக்கென்றது. ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், போய்ப் பார்க்கட்டுமே என்றும் இருந்தது.

இறங்கி வந்தபோது அவர் கையில் ஒரு சின்ன மெத்தை. பச்சைத் துணி, நடுவில் நாலு பொத்தான். அவர் கையால் அவளுக்குத் தைத்துக் கொடுத்தது. ஆபரேட்டர் அறை முக்காலியில் கிடந்திருக்கிறது.

“இரும்பு முக்காலி, குத்தும்ல, அதான் எடுத்துட்டுப் போனேன்,” என்று அன்றைக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் அவள் சொல்வது கேட்டது.

“எத்தனை நாளா குத்துது?”

“என்னங்க பேசுறீங்க? அங்க பல்பு வெளிச்சத்துல உக்காந்தா வலி கேக்குது.”

“ஊர்ல வேற பல்பே இல்லையா? சூரியன் இல்லையா? தலைவலின்னா எவளாவது வெளிச்சத்தைத் தேடுவாளா? எங்க அம்மாவுக்கு வலிச்சா போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுப்பா.”

“எனக்கு அப்படித்தாங்க கேக்குது. நான் என்ன செய்யட்டும்?”

“இனிமே அந்த ரூம் படியை மிதிச்சேன்னா, வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.”

நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

மறுநாளே சோபாக்காரர் மேனேஜரிடம் போய், ஆபரேட்டர் அறைக்குள் வேறு யாரும் போகக்கூடாது என்று சொல்ல வைத்தார். அதோடு நிற்கவில்லை. வீட்டு ஜன்னலுக்கு ஒரு திரை தைத்தார். சாதாரணத் திரையா? மேலே கறுப்பு, உள்ளே கம்பளி, அதற்கும் உள்ளே இன்னொரு கறுப்பு. கீழே கனத்துக்கு ஈயச் சங்கிலி. பெரிய பெரிய ஓட்டல்களுக்குத் தைக்கிற மாதிரித் திரை அது. இழுத்து விட்டால் நண்பகலிலும் உள்ளே கை தெரியாது.

“தலைவலிக்காரி தூங்கட்டும்னுதான் தைச்சேன் டிக்கெட்டக்கா,” என்றார் என்னிடம். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த ஜன்னல் தெருவைப் பார்த்தது. ஆபரேட்டர் வேலைக்குப் போவதும் வருவதும் அந்தத் தெருவில்தான். அக்கறையும் அகங்காரமும் ஒரே நூலில் தைத்தால் எது எந்தத் தையல் என்று யார் பிரிப்பது?

பதினைந்து நாள் அப்படிப் போயிற்று. தியேட்டர் இருட்டு, அதைவிட்டால் வீட்டு இருட்டு. வலி வந்தால் அவள் மாடி வகுப்புச் சுவரில் சாய்ந்து நிற்பாள். டார்ச்சைத் தன் கண்ணுக்கே அடித்துக்கொள்வதை நானே பார்த்தேன். பைத்தியக்காரி என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வெறும் தண்ணீராக வந்தது.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெண்பிள்ளை காலையில் வாந்தி எடுத்தால் என்ன தோன்றுமோ அதுதான். நாற்பத்தொரு வயதில் இவளுக்கா என்று வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

“என்னடி, விசேஷமா?” என்றேன்.

“தலை வெடிக்குதுக்கா. வலது கண்ணு தெரியவே மாட்டேங்குது.”

“அப்படித்தான்டி இருக்கும். படு, சரியாயிடும்.”

சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். நிமிர்ந்தால் சோபாக்காரர் கதவருகே குத்துக்கல் மாதிரி நிற்கிறார். நான் ‘விசேஷமா’ என்றது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. மெத்தைக்குள் வைத்துத் தைத்த காகிதம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அன்றைக்கு முழுவதும் அவர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போய் என்ன கேட்பது, அவர்கள் என்ன சொல்லிவிடுவார்கள் என்ற பயம். வாசலில் ஒரு பழைய சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, வாய் நிறைய ஆணியோடு அறைந்துகொண்டே இருந்தார். ஏற்கெனவே அடித்த இடத்தில் மறுபடி அடித்தார். உள்ளே அந்த மூன்று மடிப்புத் திரைக்குப் பின்னால் அவள் முனகுவது சுத்தியல் சத்தத்துக்கு நடுவே கேட்டது. ரொட்டியும் பாலும் கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் வேலைக்கு அவள் வரவில்லை. மாடியில் ஆட்கள் இருட்டில் முட்டிக்கொண்டு கத்தினார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபரேட்டர் வந்தார். வாசலோடு நின்றார்.

“அண்ணே, அக்கா ஏன் வரல?”

சோபாக்காரர் வாயில் ஆணி. சுத்தியல் அறைந்துகொண்டே இருந்தது.

“கோபம் இருந்தா என்னை நாலு அடி அடிச்சுக்குங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். அக்காவை இருட்டுல படுக்க விடாதீங்க. நான் எட்டு மாசமாப் பார்க்கிறேன். இருட்டுல இருந்து வரும்போது வலது கண்ணுமணி பெருசா விரிஞ்சிருக்கும், அப்ப வலி. பல்பு கீழ உக்காந்து அது சுருங்குச்சுன்னா வலி விட்டுடும். இது தலைவலி இல்லண்ணே. கண்ணு.”

சுத்தியல் நின்றது. அவர் ஆணிகளைத் துப்பிவிட்டு எழுந்தார். அடிக்கத்தான் எழுந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் நடுவே புகுந்து நேரே அவர்கள் வீட்டுக்குள் போனேன். திரையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை, அவ்வளவு கனம். இரண்டு கையாலும் தொங்கி இழுத்ததும் துணி முழுக்கச் சரசரவென்று ஒரு ஓரத்தில் போய்க் குவிந்தது. வெளிச்சம் விழுந்தது.

அவள் குப்புறப் படுத்திருந்தாள். திருப்பினேன். வலது கண் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது. நடுவில் கருப்புக்குப் பதில் ஒரு சாம்பல் வட்டம். வெளிச்சம் நேராக அடித்தும் அது சுருங்கவில்லை.

“யாரு? அக்காவா?” என்றாள். அவள் முகத்துக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் இருந்தேன்.

பின்னாலேயே வந்த சோபாக்காரர் அந்தக் கண்ணைப் பார்த்தார். ஆபரேட்டர் ஓடிப்போய் ஒரு வாடகை வண்டி பிடித்து வந்து நிறுத்திவிட்டு, தான் ஏறாமல் ஒதுங்கிக்கொண்டார்.

கண் ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்த்தார்கள். பத்திலிருந்து இருபதுக்குள் இருக்க வேண்டியது அறுபதைத் தாண்டியிருந்தது. ஊசி, மாத்திரை, சொட்டு மருந்து என்று மூன்று மணி நேரம் அதை இறக்கப் பாடுபட்டார்கள். அப்புறம் டாக்டரம்மா கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, உள்ளே முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரிச் சில்லு பதித்த ஒரு சின்ன லென்ஸைக் கண்மேலேயே வைத்து, பெரிய கருவி வழியாக வெகுநேரம் பார்த்தார். ஒளி அந்தக் கண்ணின் ஓரத்தைத் துழாவிக்கொண்டே இருந்தது.

“இவங்களுக்குக் கண்ணு சின்னது,” என்றார்.

“சின்னதா?” என்று நான் கேட்டேவிட்டேன். “ஊர்லயே பெரிய கண்ணு டாக்டரம்மா இவளுக்கு.”

“இவங்க போடுற கண்ணாடி பெருசாக் காட்டுது. கழட்டிப் பாருங்க. குட்டிக் கண்ணு. உள்ள எடமே இல்ல.”

இத்தனை வருஷம் நான் எரிந்தது ஒரு கண்ணாடிச் சில்லுக்கு.

டாக்டரம்மா சோபாக்காரரைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார். “கண்ணுக்குள்ள எப்பவும் தண்ணி மாதிரி ஒண்ணு ஊறிக்கிட்டே இருக்கும். ஊறுற தண்ணி வெளிய போகணும்ல? கருப்பும் வெள்ளையும் சேர்ற ஓரம் இருக்கு பாருங்க, அதுக்கு உள்பக்கம் ஒரு மூலை. அங்க சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கு. அது வழியாத்தான் தண்ணி வடியும். சில பேருக்கு வழி திறந்தே இருக்கும், சல்லடை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுக்கும். வலியே தெரியாது, பார்வை போன அப்புறம்தான் தெரியும். இவங்களுக்கு அப்படி இல்ல. மூலையே இடுக்கு. கண்ணுமணியைச் சுத்தி இருக்கிற பழுப்புத் திரை முன்னால தள்ளி, அந்த மூலையை மூடிடுது.”

சோபாக்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “திரைன்னா... திறந்தா துணியெல்லாம் ஓரத்துல போயி குவியுமே, அது மாதிரியா?”

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். “அதேதான். இருட்டுல கண்ணுமணி விரியும். அதாவது திரை திறக்குது. துணி ஓரத்துல குவிஞ்சு சல்லடையை அடைச்சிடும். வெளிச்சத்துல திரை மூடிக்கும், ஓரம் காலியாகும், தண்ணி வடியும். நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?”

“திரை தைக்கிறேன்,” என்றார். சோபா என்று சொல்லவில்லை.

அப்புறம் அவரே கேட்டார். “அப்ப இருட்டு ரூம்ல படுக்க வச்சா?”

“ரொம்பத் தப்பு. அதுவும் குப்புறப் படுத்தா இன்னும் மோசம்.” டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். “இத்தனை மாசமா வலி வந்து வந்து தானா விட்டிருக்கே, எப்படிம்மா? வலிச்சா என்ன செய்வீங்க?”

டார்ச்சு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணில் கட்டு.

“ஆபரேட்டர் ரூம்ல பெரிய பல்பு இருக்கும். அது கீழ போயி உக்காந்துக்குவேன்.”

“நல்ல வேலை செஞ்சீங்க. அந்த ரூம்தான் இத்தனை நாள் உங்க கண்ணைக் காப்பாத்தியிருக்கு. அப்புறம் ஏன் போறதை நிறுத்துனீங்க?”

சோபாக்காரர் வாய் அசைந்தது. ஆணியே இல்லாத வாயில் நாக்கால் எதையோ தேடினார். நான் தரையைப் பார்த்தேன்.

“படம் நல்லா ஓடுச்சு டாக்டரம்மா,” என்றாள் அவள். “கூட்டம் ஜாஸ்தி. போக நேரமில்ல.”

வலது கண்ணின் நரம்பு ஒரு பகல், ஒரு இரவு அழுத்தத்தில் நசுங்கிவிட்டது. கையை ஆட்டினால் நிழல் ஆடுகிற மாதிரித் தெரியும், அவ்வளவுதான் மிச்சம். இடது கண்ணும் அதே அமைப்பு, என்றைக்கு வேண்டுமானாலும் அடைக்கும் என்றார்கள். அதில் லேசர் வைத்து, அந்தப் பழுப்புத் திரையின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொத்தல் போட்டார்கள். பின்னால் தேங்குகிற தண்ணீர் அதன் வழியாக முன்னால் வந்துவிட்டால் திரை தள்ளாது, மூலை அடைக்காது.

“பொத்தலா போடுறாங்க?” என்று சோபாக்காரர் வெளியே என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். “அடைக்க மாட்டாங்களா டிக்கெட்டக்கா? பொத்தலை அப்படியே விட்டுடுவாங்களா?” முப்பது வருஷமாகத் துணியில் பொத்தலைக் கண்டால் அடைத்தே பழகிய கை. அதை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

தியேட்டர் வேலையை அவள் விட்டுவிட்டாள். இருட்டுத் திரை போய் ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி வந்தது. சோபாக்காரர் காலையில் டீ போட்டார், துணி துவைத்தார், சொட்டு மருந்துக்கு மணி பார்த்து ஓடினார். வாயில் ஆணி வைப்பதையே விட்டுவிட்டு டப்பாவிலிருந்து எடுத்து எடுத்து அடித்தார். நாளுக்கு நாலு சோபா முடிக்கிற ஆள் ஒன்றை முடிக்கவே திணறினார். தெருவில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் பழைய எரிச்சல் லேசாக எட்டிப் பார்த்தது என்றால் என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

ஒரு மாதம் போயிருக்கும். குழாயடியில் நல்ல வெயில். டார்ச்சு முக்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முக்காலிமேல் அந்தப் பச்சை மெத்தை. நான் எதிரே துணி அலசிக்கொண்டிருந்தேன். சோபாக்காரர் வந்து அவள் இடதுபக்கம் குந்தினார். எப்போதும் இடதுபக்கம்தான் உட்காருவார், அவளுக்குத் தெரிய வேண்டுமே. அவரும் பட்டாணி உரித்தார்.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றார்.

“கேளுங்க.”

“கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“கண்ணுமணி விரியுறது, சுருங்குறது... அதெல்லாம் எவ்வளவு சின்ன விஷயம். கிட்ட உக்காந்து உத்துப் பார்த்தாத்தானே தெரியும்? அவனுக்கு எப்படி அது தெரிஞ்சுது?”

நான் அலசுவதை நிறுத்தினேன். ஐயோ பாவி, இன்னுமா!

டார்ச்சு கையிலிருந்த பட்டாணியை உரித்து முடித்தாள். தோலை ஒரு பக்கமும் மணியை ஒரு பக்கமும் போட்டாள்.

“வலிக்குதுன்னு ஒருத்தி சொன்னா, மனுஷன் கண்ணைத்தான் பார்ப்பான்,” என்றாள். “பார்த்தாரு. தெரிஞ்சுது. நீங்களும் பதினாலு வருஷமா என்னைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தீங்க.”

எழுந்தாள். முக்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, மெத்தையைத் தட்டிச் சரிசெய்து உட்கார்ந்தாள். இப்போது சோபாக்காரர் அவளுடைய வலதுபக்கம் இருந்தார். அவர் மெல்ல எழுந்து சுற்றி வந்து மறுபடி இடதுபக்கம் குந்தினார். அவள் மறுபடி எழுந்தாள், மறுபடி முக்காலியைத் திருப்பினாள், உட்கார்ந்து பட்டாணிக் கூடையை மடியில் இழுத்துக்கொண்டாள். அவர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. அந்தப் பார்வை போன கண்ணுக்கு நேராகக் கையில் ஒரு பட்டாணியோடு அப்படியே இருந்தார்.

அவள் திரும்பியதில் நான் அவளுடைய நல்ல கண்ணுக்கு எதிரே வந்துவிட்டிருந்தேன். கண்ணாடி வழியாகப் பெரிதாக, ஈரமாக, என்னையே பார்த்தது.

“மருந்து மாடியில இருக்குன்னு இவருக்கு யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா,” என்றாள். “துணியை அலசுங்க. வெயில் போயிடப் போகுது.”